பெருஞ்சுவர் பார்த்தாயிற்று, அம்மாவை யார் பார்த்தது?

2024 செப்டெம்பரில் சீன வெளிவிவகார அமைச்சின் பேச்சாளர், வழமையான ஊடகச் சந்திப்பில் வந்த ஒரு கேள்விக்குச் சில வசனங்களில் பதில் சொன்னார். சீனா இனி வெளிநாட்டவருக்குப் பிள்ளைகளைத் தத்துக் கொடுக்காது. நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 1992இல் தொடங்கிய ஒரு பெரிய கதை அந்தச் சில வசனங்களோடு முடிந்தது. இந்தக் காலத்தில் 160,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் போனது அமெரிக்காவுக்கு. மிகப் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு குழந்தைக் கொள்கையைப் பற்றிப் பேசுவார்கள், காசைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படும் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் இடையில் இரண்டு கிழமைகள் இருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த குடும்பம் அந்த நாட்டில் நின்ற இரண்டு கிழமைகள். நாங்கள் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

அந்தக் குடும்பங்கள் எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் சிலதைப் படித்தாலே போதும், மிச்சத்தை நாங்களே எழுதிவிடலாம். அவ்வளவு ஒரே மாதிரி. முதலில் பீஜிங்கில் இரண்டு மூன்று நாள்: பெருஞ்சுவர், அரண்மனை, பட்டுக் கடை, வாத்துக்கறிச் சாப்பாடு. பிறகு பிள்ளை இருக்கும் மாகாணத்தின் தலைநகரம். அங்கே ஒரு அரச அலுவலகத்திலோ ஹோட்டல் மண்டபத்திலோ பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். பிள்ளைக்குச் சீனக் கடவுச்சீட்டு வரும்வரை ஒரு கிழமை அளவில் காத்திருப்பு. அந்த நாட்களில் கோயில், பூங்கா, அருங்காட்சியகம். கடைசியில் குவாங்சோ. தத்துப் பிள்ளைகளுக்கான அமெரிக்க வீசா அந்த நகரத்துத் துணைத் தூதரகத்தில்தான் கிடைக்கும். அதனால் எந்த மாகாணத்தில் பிள்ளை எடுத்தாலும் அமெரிக்கக் குடும்பம் எல்லாம் அங்கே வந்துதான் ஆகவேணும்.

குவாங்சோவில் ஷாமியன் என்று ஒரு சின்னத் தீவு. இரண்டாம் அபின் போருக்குப் பிறகு பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட இடம். ஆலமர நிழல், ஐரோப்பியப் பாணிக் கட்டடங்கள், வாகன இரைச்சல் குறைந்த தெருக்கள். 1983இல் திறந்த வைற் ஸ்வான் ஹோட்டல் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் துணைத் தூதரகமும் நீண்டகாலம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆக, ஒரு தீவே இந்தக் குடும்பங்களை நம்பி வாழப் பழகிவிட்டது. கடைக்காரர்கள் குழந்தை தள்ளுவண்டியைச் சும்மா இரவல் கொடுப்பார்கள், திருப்பிக் கொடுக்க வரும்போது ஏதாவது வாங்குவார்கள் என்று தெரியும். பிள்ளையின் சீனப் பெயரைக் கல் முத்திரையில் செதுக்கித் தருவார்கள். ஐந்து வயசு, பத்து வயசு, கலியாண வயசு என்று ஒவ்வொரு அளவிலும் பட்டுச் சட்டை வாங்கிப் பெட்டியில் அடுக்கியவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டலில் ஒரு சிவப்புச் சோபா இருந்தது. ஒன்றாக வந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வரிசையாக அதில் இருத்திப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தங்கும் குடும்பங்களுக்கு ஒரு பார்பி பொம்மையும் பரிசாகக் கிடைக்கும்: பொன்னிற முடி வெள்ளைப் பார்பி, கையில் ஒரு சீனக் குழந்தை.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். எங்களுக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு நின்றுவிட்டால் அது நேர்மை இல்லை.

ஏனென்றால், அவர்கள் ஊர் பார்த்ததில் என்ன பிழை? பேப்பர் வேலை முடியும்வரை காத்திருக்கவேணும். அறைக்குள் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டா இருப்பது? அதோடு பலர் உண்மையான அக்கறையோடுதான் பார்த்தார்கள். "இவள் பிறந்த நாட்டைப் பற்றி நாளைக்கு இவளுக்கு என்ன சொல்லுவோம்" என்ற கவலை அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பட்டுச் சட்டைகள் அந்தக் கவலையின் வடிவம்தான்.

சந்திப்புகளும் நடக்காமல் இல்லை. தெருவில் போகும் சீனக் கிழவிகள் வழிமறித்து, பிள்ளையின் கால் வெளியே தெரிகிறது, குளிரப் போகுது, இன்னொரு உடுப்புப் போடு என்று பேசுவார்களாம். அனேகமாக எல்லாக் குடும்பமும் எழுதிய விசயம் இது. வெள்ளைக்கார அம்மாவுக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் விசயம் விளங்கும். எங்கட அம்மம்மாமாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். தெரியாத பிள்ளைக்காகத் தெரியாத ஆளைப் பேசுவது அன்பின் ஒரு வகை. இன்னும் சிலர் பெருவிரலை உயர்த்திக் காட்டி, "அதிர்ஷ்டக்காரப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இன்று இருபது, முப்பது வயசுக்காரர். தங்கள் வாழ்க்கையில் அதிகம் கேட்ட சொல் "அதிர்ஷ்டம்" என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டவுடன் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் கிடைத்தவள் "என்னைப் பெற்றவள் யார்?" என்று கேட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாளே.

எங்கள் கருத்து இதுதான். அந்தப் பயணங்களில் ஊர் பார்த்தது பிழையில்லை. நாட்டைப் பார்த்தது தாயைப் பார்த்ததற்குப் பதிலாக நின்றதுதான் பிழை. பெருஞ்சுவர் எல்லாச் சீனருக்கும் பொது. அது ஒரு பிள்ளையின் கதை ஆகாது. அவளுடைய கதை, அவள் கண்டெடுக்கப்பட்ட ஆஸ்பத்திரி வாசல், சந்தை, பஸ் நிலையம், பிறந்த திகதி எழுதிச் செருகியிருந்த ஒரு துண்டுக் கடுதாசி, அவளை மாதக்கணக்கில் தூக்கி வளர்த்த விடுதி ஆயா. பயணத் திட்டத்தில் இவை பெரும்பாலும் இருக்கவில்லை. இருந்தாலும் அரை நாள். சில குடும்பங்கள் விடாப்பிடியாகக் கேட்டு, விடுதிக்குப் போய், ஆயாவோடு படம் எடுத்து, கண்டெடுத்த இடத்தில் பத்து நிமிசம் நின்று வந்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து தேடத் தொடங்கும்போது கையில் மிஞ்சுவது அந்தப் பத்து நிமிசம்தான். 2021இல் வந்த 'ஃபவுண்ட்' என்ற ஆவணப்படத்தைப் பாருங்கள். மரபணுச் சோதனையால் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று தெரியவந்த மூன்று பெண் பிள்ளைகள் சீனாவுக்குப் போகிறார்கள். அவர்களைக் குழந்தையில் பராமரித்த ஆயாமாரைச் சந்திக்கும் இடங்களின் கனம் எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் வராது.

தாய் ஏன் பயணத் திட்டத்தில் இல்லை? பிள்ளையைக் கைவிடுவது அங்கே குற்றம். அனுமதித்த கணக்குக்கு மேலே பிள்ளை பெறுவதும் அப்போது தண்டனைக்குரியதாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பெண் எப்படி வந்து "நான்தான்" என்று சொல்லுவாள்? ஆகவே கோப்பில் "பெற்றோர் தெரியாது". அந்த வசனம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் விடுதிக்கு நன்கொடை என்று கட்டாயமாகக் கொடுத்த காசு நீண்டகாலம் 3,000 அமெரிக்க டொலர். ஒரு கிராமத்து விடுதிக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று யோசியுங்கள். 2005இல் ஹுனான் மாகாணத்தில் விடுதிகள் ஆட்களிடம் காசுக்குக் குழந்தைகளை வாங்கிய விசயம் வெளியே வந்து வழக்கும் நடந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பறித்துப்போன கதைகளும் பிறகு வந்தன. "தெரியாது" என்று எழுதப்பட்ட எல்லாருமே தெரியாதவர்கள் அல்ல.

இந்த இடத்தில் ஒரு படத்தைச் சொல்லவேணும். ஜோன் செயில்ஸ் இயக்கிய 'காசா டி லொஸ் பேபிஸ்', 2003. பெயர் சொல்லாத ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டில், தத்தெடுக்க வந்த ஆறு பெண்கள் ஒரு ஹோட்டலில் கிடந்து காத்திருக்கிறார்கள். கடற்கரை, கடைத்தெரு, சாப்பாடு, வம்பு. படத்தின் உயிர் ஒரு அறைக்குள் இருக்கிறது. அந்த ஆறு பேரில் ஒருத்தி, அறை துப்புரவாக்க வந்த பெண்ணிடம், தனக்குக் கிடைக்கப்போகும் மகளோடு ஒரு பனிநாளை எப்படிக் கழிப்பேன் என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். மற்றவள் ஸ்பானிய மொழியில், தான் கொடுத்துவிட்ட மகளைப் பற்றிச் சொல்கிறாள். ஒருத்திக்கு மற்றவள் பேசுவது விளங்கவில்லை. இரண்டு தாய்மார் ஒரே அறையில் இருக்கிறார்கள். நடுவில் மொழிபெயர்க்க ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் காட்சி.

சரி, சீனாவும் அமெரிக்காவும், அதில எங்களுக்கு என்ன வேலை எண்டு கேட்கலாம். வேலை இருக்கிறது. 1970களின் கடைசியிலும் 80களிலும் இதே மாதிரியான பயணங்கள் இலங்கைக்கும் வந்தன. நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளிலிருந்து தம்பதிகள் வந்தார்கள். நீதிமன்றக் கட்டளை வரும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கடற்கரை பார்த்தார்கள். பிள்ளையோடு போனார்கள். 2017இல் நெதர்லாந்தின் 'செம்ப்லா' தொலைக்காட்சி நிகழ்ச்சி மிச்சக் கதையைச் சொன்னது. தாயாக நடிக்கக் காசு கொடுத்துக் கூட்டிவரப்பட்ட பெண்கள், போலிப் பத்திரங்கள், பிள்ளை செத்துப்போச்சு என்று சொல்லி ஏமாற்றப்பட்ட தாய்மார். 80களில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் சுமார் 11,000 என்றது அந்த நிகழ்ச்சி. அப்போதைய சுகாதார அமைச்சர் அதே நிகழ்ச்சியில் இப்படியான குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார், மரபணுத் தரவுத்தளம் அமைப்பதாகவும் சொன்னார். 2020இல் சுவிஸ் அரசு தன் பக்கத் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. அதற்குக் காரணமான விசாரணை அறிக்கை ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை முதலில் ஏற்றுக்கொண்ட மூன்று நாடுகளில் இலங்கை ஒன்று. பிள்ளையை முதலில் சொந்தக் குடும்பத்தோடு வைத்திருக்கப் பார், இல்லாவிட்டால் சொந்த நாட்டில் பார், கடைசியில்தான் வெளிநாடு என்பது அந்த உடன்படிக்கையின் சாரம். நல்ல சட்டம். ஆனால் அதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாது.

அவர்கள் இப்போது திரும்பி வருகிறார்கள். நாற்பது வயசு, முகம் எங்கட முகம், மொழி டச்சு. சிகிரியா போகிறார்கள், யால போகிறார்கள், எல்ல ரயிலில் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அவர்களை உல்லாசப் பயணிகள் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். அல்லது "சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது, ஆனா ஆளைப் பார்த்தா எங்கட ஆள் மாதிரி" என்று சிரிக்கிறோம். அவர்கள் பையில் ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதி இருக்கலாம். அதில் இருக்கும் பெயர் உண்மையா பொய்யா என்று கூட அவர்களுக்குத் தெரியாது. பெற்றவர்கள் போன வழியிலேயே பிள்ளைகளும் போகிறார்கள்: நாடு முழுக்கப் பார்த்தாயிற்று, பார்க்க வந்த ஆளை மட்டும் பார்க்கவில்லை.

"தோண்டி என்ன பிரயோசனம்? அந்தத் தாய் இப்ப வேற குடும்பத்தோட நிம்மதியா இருப்பா" என்று ஒரு எதிர்க்கேள்வி உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. மணமாகாமல் பிள்ளை பெற்றதைக் கணவனுக்கும் சொல்லாமல் வாழும் பெண்ணின் வாசலில் கமராவோடு போய் நிற்பது கொடுமை. ஆகவே முதலில் அவளிடம் தனியாக, மெதுவாகக் கேட்கவேணும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அவளுக்குப் பதிலாக நாங்கள் "வேண்டாம்" சொல்லக்கூடாது. பிள்ளை செத்துவிட்டது என்று நம்பவைக்கப்பட்ட தாய்க்கு, பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அறியும் உரிமை இல்லையா? காணாமல் போன ஒருவருக்காகப் படத்தை ஏந்திக்கொண்டு தெருவில் இருப்பது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பெரிய வேலையை அரசுதான் செய்யவேணும். பதிவாளர் அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் என எல்லா இடத்துப் பழைய கோப்புகளும் தேடுகிறவர்களுக்குத் திறக்கவேணும். 2017இல் சொன்ன மரபணுத் தரவுத்தளத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கவேணும். இதெல்லாம் எங்கள் கையில் இல்லை.

எங்கள் கையில் இருப்பது மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று இரண்டு மூன்று மொழி தெரிந்த பெடியன்களும் பெட்டையளும் எங்களுக்குள் கனக்கப் பேர் இருக்கிறோம். ஒரு பழைய பத்திரத்தை வாசித்துச் சொல்லலாம். கிராம சேவகரிடம் கூடப் போய்ப் பேசலாம். ஒரு வயசான அம்மாவிடம் பக்குவமாக விசயத்தைச் சொல்லி, அவ சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவருக்குச் சொல்லலாம். வழிகாட்டியாகவும் ஓட்டோ ஓடியும் உழைக்கும் நண்பர்களுக்கு இது இன்னும் எளிது. இப்படியானவர்களை முதலில் சந்திப்பதே அவர்கள்தான்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்கு ஒரு செலவும் இல்லை. திரும்பி வந்த ஒருவரைச் சந்தித்தால் "நீங்கள் அதிர்ஷ்டக்காரர்" என்று சொல்லாதீர்கள். "யாரையாவது தேடுறீங்களா?" என்று கேளுங்கள்.