வாசகரைத் தேடுவது கவிஞன் கடனா?

கவிதை நூலொன்றின் வெளியீட்டு விழா எங்கு நடைபெறினும், பேச்சாளருள் ஒருவரேனும் ஒரு புத்திமதியைத் தவறாது கூறிவிடுகின்றார். அச்சில் ஐந்நூறு பிரதி போட்டால் யார் வாங்குவார், இணையத்தில் இடுங்கள், உலகமே படிக்கும் என்பதே அப்புத்திமதி. சபையோர் கைதட்டுவர். முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் கடித உறையுடன் மேடையேறிப் பெற்றுக்கொள்வார். எஞ்சிய பிரதிகளுட் பெரும்பகுதி கவிஞரின் வீட்டுக் கட்டிலின் கீழே அடைக்கலம் புகும். அப்புத்திமதியை மெய்யென நம்பி முகநூலிற் கவிதை எழுதப் புகும் இளைஞனோ, ஓராண்டு கழிந்தபின், தன் கவிதையைப் படிப்போர் தன்னோடு கூடப் படித்தோரும் தன்னைப் போலவே கவிதை எழுதுவோருமே என்பதைக் கண்டுகொள்கின்றான்.

உலகம் படிப்பதற்கு அங்கு வழியுண்டு. உலகம் படிக்கின்றது என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பிக்க வேண்டியவர் யாவர் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அப்பொறுப்பைக் கவிஞனின் தலையிற் சுமத்திவிட்டுப் பதிப்பாசிரியரும் விமர்சகரும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் ஒதுங்கிக்கொண்டமையே, இணையத்தில் ஈழத்துக் கவிதை இன்றடைந்துள்ள அவல நிலைக்கு முதற்காரணம் ஆகும்.

ஈழத்திற் கவிதை எக்காலத்திலும் தானாக நடந்துசென்று வாசகரை அடைந்ததில்லை. 1960களில் மகாகவி, முருகையன், நீலாவணன் முதலியோரின் கவிதைகள் நூல் வாங்கும் வசதியற்றோரின் செவிகளுக்கும் எட்டினவெனின், கவியரங்குகளும் வானொலியும் அதற்குக் காரணமாயின. மகாகவி 1971இல் மறைந்தார். அவரது ஆக்கங்களை நூலுருவிற் கொணர்ந்து புதிய தலைமுறையின் கையிற் சேர்த்ததில் எம். ஏ. நுஃமானின் பங்கு முதன்மையானது. நீலாவணன் 1975இற் காலமானார். அவரது கவிதைத் தொகுதியாகிய ‘வழி’ அடுத்த ஆண்டிலேயே வெளிவந்தது. தம் நூலைத் தாமே காணாத அக்கவிஞரை இன்று ஒருவர் படிக்க முடிகின்றதெனில், அது பிறர் உழைப்பின் பயன்.

1984இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ சென்னையிற் க்ரியா வெளியீடாக வந்தது. மறு ஆண்டில் ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 கவிஞர்களின் 82 கவிதைகளைத் தாங்கி யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. 1996இற் கோயம்புத்தூரில் மறுபதிப்பும் கண்டது. 1986இற் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ பத்துப் பெண்களின் 24 கவிதைகளை மாத்திரம் கொண்ட சிறு நூல். அச்சிறு நூல் இல்லாதிருப்பின் அப்பத்துப் பெயர்களுள் எத்தனை இன்று வகுப்பறைகளில் உச்சரிக்கப்படும் என்பதை விரிவுரையாளர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று. ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பாளருள் ஒருவரான இரா. பத்மநாப ஐயர், ஈழத்து நூல்களைத் தமிழகத்திற்கும் தமிழகத்துச் சிறுசஞ்சிகைகளை ஈழத்திற்கும் பொதிகளாகச் சுமந்தவர். கவிதை எழுதிப் புகழ்பெற்றவரல்லர். ஈழத்துக் கவிதையின் வாசகப் பரப்பு அத்தகையோரின் தோள்களில் ஏறியே விரிந்தது. இவ்வரலாற்றைப் பரீட்சை வினாவிற்கு விடையாக எழுதும் மாணவர், அது தமக்கு இடும் கடமையை மாத்திரம் உணர்ந்திலர்.

இனி, இணையத்தில் நிகழ்வது யாதெனச் சற்று விரிவாக நோக்குதல் தகும். முகநூலில் எதனை யார் கண்ணிற் படச்செய்வது என்பதைத் தீர்மானிப்பது விளம்பரத்தால் வாழும் நிறுவனமொன்றின் கணிப்பு. மக்களைத் திரையோடு அதிக நேரம் கட்டிவைப்பது எதுவோ அதுவே மேலெழும். அங்குக் கவிதை பகைமையோடும் பூனைக்குட்டிகளோடும் போட்டியிட வேண்டியுள்ளது. மலர்ப் படமொன்றின்மேல் எழுத்துக்களை அடுக்கிக் கவிதையையே ஒரு சித்திரமாக்கி இடும் வழக்கம் இதன் விளைவே. சித்திரமாகிவிட்ட கவிதையின் ஓரடியை நினைவிற் கொண்டு தேடுபவருக்கு அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவற்றின் கதியும் ஏறத்தாழ இதுவே. திரையிலே தமிழாகத் தோன்றுவது கணினியினுள்ளே ஆங்கில எழுத்துக்களின் குழம்பாகக் கிடக்கின்றது. ஒருங்குறியிலே தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், இலங்கையிற் பாமினியே நெடுங்காலம் கோலோச்சியது. அதிலே கோக்கப்பட்ட தொகுதிகள் பல இன்றும் தேடுபொறியின் கண்ணுக்குப் புலப்படாதனவாகவே உள்ளன.

வாட்ஸ்அப்பிற் கவிதை கைமாறும்போது முதலில் உதிர்வது கவிஞனின் பெயர், அடுத்து ஆண்டு, மூன்றாவது கைக்குப் போகுமுன் அடிப்பிரிப்பும் சிதைந்துவிடும். பல்லாயிரம் பேர் பகிர்ந்தனர் என்று மகிழப்படும் கவிதையை எழுதியவர் யாரென அப்பல்லாயிரவருள் எவருக்கும் தெரிவதில்லை. இதனை வாசகப் பரப்பு எனக் கொள்ளுதல் வாசகன் என்னும் சொல்லுக்கே இழுக்கு.

இலவசமாகக் கிடைத்த இடம் என்றும் நிலைப்பதுமில்லை. யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 ஒக்டோபரில் மூடியது. கூகிள் பிளஸ் 2019 ஏப்பிரலிற் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பிறிதோரிடத்திற் படியெடுத்து வைக்கப்படாதவை அவற்றோடு மறைந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டதை மறவாத ஒரு சமூகம், தன் கவிதைகளை இன்னொருவன் வீட்டுத் திண்ணையிற் குவித்துவைத்துவிட்டு அமைதியாக உறங்குவது வியப்பிற்குரியது.

இக்குறைகளையெல்லாம் சுட்டிக்காட்டி, இணையத்தில் வருவன யாவும் குப்பை என ஒதுக்குவோர் வேறொரு சாரார். இவர்கள் பெரும்பாலும் கற்றோர். பல்கலைக்கழகங்களில் இவர்களுக்குக் குறைவில்லை. இவர்களது வாதம் முன்னையோரின் வாதத்தைவிடக் கேடு விளைவிப்பது. 1975இல் தொடங்கிய ‘அலை’ தரமான இதழெனக் கொள்ளப்படுகின்றது. அந்நாளில் எழுதப்பட்ட கவிதைகள் அனைத்தும் தரமானவையாக இருந்தனவா? தெரிவுசெய்யும் துணிவுள்ள ஆசிரியர் அங்கு இருந்தார். இன்று இணையத்திற் குப்பை சேர்ந்துள்ளதெனில், விளக்குமாறு பிடிக்க வேண்டியோர் அவ்வழியே செல்லாதிருந்தமையே அதற்குக் காரணம். இணையத்திற் பிரசுரமான கவிதையொன்றைப் பற்றித் தம் பெயரிட்டுப் பத்து வரி எழுதிய விரிவுரையாளர் மிகச் சிலரே. ஆய்வரங்குக் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வருவன அதே பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அவர்கள் பெருங்கவிஞர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பெயர்கள் முன்னோர் தொகுத்துத் தந்தவை. தாமாகத் தேடிக் கண்டடைந்த பெயர் ஒன்றைச் சேர்க்கவியலாத ஆய்வு, பிறர் உழைப்பின் வட்டியில் உண்டு வாழ்வதாகும்.

இதனாற் பாதிக்கப்படுவோர் யாவர்? இலண்டனிலோ ரொறன்ரோவிலோ நண்பர் வட்டம் உடைய கவிஞருக்கு எவ்வாறேனும் ஒரு பதிப்பாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுகின்றார். மன்னாரிலோ அக்கரைப்பற்றிலோ பசறையிலோ இருந்து எழுதும் ஒரு பாடசாலை ஆசிரியைக்கு அவ்வாய்ப்பு அரிது. லக்ஷ்மி ஹோம்ஸ்ற்றோமும் சாஷா எபெலிங்கும் ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளை ஆங்கிலத்தில் ஆக்கி 2016இல் ஒரு தொகுப்பாகத் தந்தனர். எத்துணை ஆர்வமுள்ள மொழிபெயர்ப்பாளரும் தம் கைக்கு எட்டுவனவற்றுள் இருந்தே தெரிவுசெய்ய முடியும். எட்டாதவை ஈழத்துக் கவிதையென்னும் கணக்கிலேயே சேர்வதில்லை. மலையகத்தையும் கிழக்கையும் வன்னியையும் ஓரத்திற் தள்ளிய பழைய இலக்கிய வரலாறு, புதிய கருவியின் துணையோடு மீண்டும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றது.

நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கப்பட்டு ஆற்றிவரும் பணி இங்கு நினைவுகூரத்தக்கது. அதற்கு முன்னரே, 1998இல், மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் இணையத்தில் ஏற்றத் தொடங்கிற்று. ‘அலை’, ‘மல்லிகை’ போன்ற சஞ்சிகைகளையும் பல்கலைக்கழக மலர்களையும் இன்று எவரும் இருந்த இடத்திலிருந்தே புரட்டலாமெனில் அது நூலகத்தின் கொடை. ஆயினும், காப்பது ஒன்று. படிக்கச் செய்வது மற்றொன்று. பக்கங்களின் படமாக அங்குக் கிடக்கும் இதழொன்றின் 23ஆம் பக்கத்துக் கவிதையை, அது அங்கு இருப்பதாக முன்னரே அறிந்தவரே எடுப்பார். அறியாதவருக்கு அறிவிக்க வேண்டியோர் அப்பணியையும் நூலகத்தின் தன்னார்வலரே செய்வர் என எதிர்பார்த்துச் சும்மா இருக்கின்றனர்.

பிறநாட்டில் இவ்வேலை எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பேர்லினில் 1999இல் தொடங்கிய ‘லிரிக்லைன்’ என்னும் தளத்திற் கவிஞர் தம் குரலிலே தம் மொழியிற் கவிதையைப் படிக்கக் கேட்கலாம். மூலபாடம் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்புக்கள் அருகே வைக்கப்பட்டிருக்கும். அங்குக் கவிஞர் தம்மை விளம்பரம் செய்யவில்லை. ஓர் இலக்கிய நிறுவனம் தெரிவுசெய்கின்றது, ஒலிப்பதிவு செய்கின்றது, பெயரையும் மூலத்தையும் பேணுகின்றது. கவியரங்கைக் கண்ட, செவியாற் கவிதை நுகர்ந்த ஈழத்துத் தமிழருக்கு இஃது அந்நியமான முறையன்று. ஆனால் அக்கவியரங்குகளில் ஒலித்த குரல்களுள் எத்தனை இன்று கேட்கக் கிடைக்கின்றன?

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் மாவட்டத்துக் கவிஞர் ஒருவரைத் தெரிந்து, அவரது பத்துக் கவிதைகளை ஒருங்குறியிற் பிழையறத் தட்டெழுதி, முதலில் வெளிவந்த இடத்தையும் ஆண்டையும் குறித்து, கவிஞர் உயிரோடிருப்பின் அவர் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, ஏன் இப்பத்து என்பதற்கு இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதிக் கையொப்பமிடுவாராயின், அது சங்க இலக்கியத்தில் உவமை பற்றிய நூறாவது ஆய்வேட்டினும் பயனுடையது. கையொப்பம் இங்கு முக்கியம். தெரிவு தவறாயின் மற்றொருவர் மறுத்து எழுதலாம். அம்மறுப்பிலேதான் வாசகர் பிறப்பர். விருப்பக்குறியை மறுத்து எழுத எவராலும் முடியாது.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்போர், ஆண்டு விழா ஒன்றின் பந்தற் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கவிஞரின் இசைவு என்னாவது என்று கேட்போரின் வினா அதனினும் மதிப்புடையது. 1991இல் சிவரமணி இறப்பதன் முன் தம் கவிதைகளைத் தாமே எரித்தார். எஞ்சியவை 1993இல் நூலாயின. எஞ்சியவற்றைப் பேணியோர் செய்தது சரியா என்பது எளிதில் முடிவுகட்டக்கூடியதன்று. தன் கவிதையை மீளப் பெற்றுக்கொள்ளக் கவிஞருக்கு உரிமையுண்டு என்பாரின் பக்கமும் நியாயம் உண்டு. ஆதலின் உயிரோடிருப்போரிடம் நேரிற் சென்று கேட்பதே முறை. எவரும் கேட்கவில்லை என்பதே கவிஞர் பலரின் குறை.

மறைந்தோரைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமையை நிலைநிறுத்துகின்றது. அதன்படி மகாகவியின் கவிதைகள் 2041 முடியும்வரையும், நீலாவணனின் கவிதைகள் 2045 முடியும்வரையும் அவர்தம் உரித்தாளரின் உடைமை. தமிழ்ச் சங்கங்கள் அதுவரை காத்திருக்கலாம். அன்றி, இவ்வாண்டுச் செயற்குழுவின் முதற் கூட்டத்திலேயே அக்குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதத் தீர்மானிக்கலாம்.