ஸ்கூட் சொன்னால் கோழையா?

ரம்மியில் "ஸ்கூட்" என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்ப்பவரைக் கேலி செய்ய எல்லா மனமகிழ் மன்றத்திலும் ஒரு கூட்டம் உண்டு. "பத்து ரூபாய்க்குப் பயப்படறவர் எதுக்கு சார் ஆட வந்தீங்க? எடுத்து ஆடுங்க, சீட்டு வரும்!" என்பார்கள். இந்த "சீட்டு வரும்" கோஷ்டி மேல் எனக்கு நீண்ட நாள் கோபம்.

எங்கள் மேஜையில் புள்ளிக்கு 50 பைசா. முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்தால் 20 புள்ளி, பத்து ரூபாய். எடுத்து ஆடிவிட்டு நடுவில் கவிழ்த்தால் 40. கடைசிவரை உட்கார்ந்து ஃபுல் வாங்கினால் 80. பத்து ரூபாயில் முடிய வேண்டியதை நாற்பது ரூபாயாக்குவதற்குப் பெயர் வீரமாம்!

பிரித்தவுடன் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஜோக்கர் சேராத ஒரிஜினல் ரம்மி கையில் இருக்கிறதா, இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அது இல்லாமல் தோற்றால் மற்ற செட்டெல்லாம் சேர்ந்திருந்தாலும் மொத்தச் சீட்டையும் எண்ணுவார்கள். இரண்டு ஜோக்கர் வந்ததும் முகம் மலர்ந்து எடுத்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜோக்கர் இரண்டென்ன, நாலு இருந்தாலும் அந்த முதல் ரம்மியைக் கட்டித் தராதே!

தூரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஹார்ட்டின் 5, 6 இருந்தால் 4 வந்தாலும் சரி, 7 வந்தாலும் சரி. இரண்டு கட்டு ஆட்டத்தில் அப்படி நாலு சீட்டு உண்டு. 5, 7 என்று இருந்தால் 6 ஒன்றுதான் வேண்டும், இரண்டே சீட்டு. ஏஸ், 2 வைத்திருப்பவருக்கும் அதே கதி, 3-ஐ விட்டால் வழியில்லை. நாலு சீட்டு வழி இரண்டு இடத்தில் இருந்து, கூடவே ஒரு ஜோக்கரும் இருந்தால் நான் ஆடுவேன். ஒரிஜினல் ரம்மியே கையில் வந்திருந்தால் யோசனையே வேண்டாம். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் ஆளுக்கொரு திசையில் நின்றால் கவிழ்த்துவிட்டு டீ சொல்வேன்.

101 ஆட்டத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஐந்து முறை கவிழ்த்தாலும் 100 தான், ஆட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு ஃபுல் வாங்கிவிட்டால் அப்புறம் ஒரே ஒரு ஸ்கூட்டுக்குத்தான் இடம். மோசமான கையை ஆடித் தோற்றால் சராசரி 50 புள்ளி போகும் என்று வையுங்கள். ஐந்து கையில் மூன்றை ஜெயித்தால்தான், ஐந்தையும் கவிழ்த்தவரோடு சரிக்குச் சரி. குப்பைக் கையில் ஐந்துக்கு மூன்று யார் ஜெயிக்கிறார்கள்? ஜெயித்தால் மற்றவர்களுக்குப் புள்ளி ஏறும், அது நமக்குக் கொஞ்சம் சாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன். புள்ளிக்குக் காசு வைக்கும் ஆட்டத்தில் ஜெயித்தவர் எல்லோரிடமும் வாங்குவதால், அங்கே இன்னும் சற்றுத் தாராளமாக ஆடலாம். அதற்காகப் பதின்மூன்றும் பதின்மூன்று ஊர்க்காரனாக நிற்கும் கையையா?

இதே கோஷ்டிதான், "ரம்மி திறமை ஆட்டம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு" என்று மார்தட்டும். 1967-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது உண்மைதான். விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று முடிவு செய்வதும் திறமை என்றார்கள். அப்படியானால் பதின்மூன்றையும் சேர்த்துக் கீழே போடத் தெரிவது மட்டும் எப்படி ஐயா கோழைத்தனம்?

வெறும் வாய்ப்பேச்சுதானே என்று விடமுடியவில்லை. பென்ஷன்காரர் ஒருவர் எங்களோடு ஆடுவார். நிதானமானவர், முதலில் எல்லாம் பத்து கைக்கு நாலைந்து கவிழ்ப்பார். "ஸ்கூட் சார் வந்துட்டார்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மனிதர் ரோஷப்பட்டு ஒவ்வொரு கையையும் ஆட ஆரம்பித்தார். மூன்றாம் மாதம், மாத்திரை வாங்கக் காசில்லை என்று என்னிடம் இருநூறு ரூபாய் கேட்டார். இப்போது வருவதே இல்லை. கேலி செய்தவர்களோ, "ஏன் சார் அவரைக் காணோம்?" என்று என்னையே விசாரிக்கிறார்கள்!

சீட்டைக் கவிழ்ப்பவரைப் பார்த்து யாரும் வாய் திறக்கக் கூடாது என்று விதி போடச் சொல்லிச் செயலாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து இதுவரை நாலு கையெழுத்து. ஐந்தாவதாக ஒருவர் பேனாவை வாங்கினார். மேஜையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போடறேனே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.