லெஸ்னர் வேண்டாம், கட்டியங்காரன் போதும்

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பையன்களுக்கு மல்யுத்த வீரர்களை எடைபோடக் கற்றுக்கொடுத்தது டிவி அல்ல, டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி... சீட்டில் அச்சடித்த எண் பெரிதாக இருந்தால் அடுத்தவன் சீட்டு உன் கைக்கு வரும். ஜெயன்ட் கோன்சாலஸ் கிடைத்தால் "உயரம்" என்று கத்த வேண்டும். யோகோசுனா கிடைத்தால் "எடை". பிழைப்பு ஓடும்.

இதில் ஒரு வேடிக்கை. 8 அடி என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்தக் கோன்சாலஸ், அர்ஜென்டினாவிலிருந்து வந்த கூடைப்பந்து ஆட்டக்காரர். வளையத்துக்குள் கையைக் காலைத் தூக்கவே சிரமப்பட்டவர். சீட்டில் அவர் ராஜா, சண்டையில் சும்மா ஒரு தென்னைமரம். ஆனால் சீட்டு பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தெரியாது. அந்தக் கண் இன்னும் மாறவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

விழுப்புரத்தில் ரயில் ஏறி திண்டிவனத்தில் இறங்கும் கல்லூரிப் பையன்கள் இப்போது ஆடுவது சீட்டு அல்ல, 'ஃபேன்டஸி' மல்யுத்தம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு 100 பாயிண்ட் கற்பனைப் பணம். அதை வைத்து WWE என்று சொன்னால்தான் புரியும் என்கிற அந்த டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆட்களை ஏலத்தில் எடுத்து ஆறு பேர் கொண்ட அணி அமைக்க வேண்டும். பிறகு வாராவாரம் ரா, ஸ்மாக்டவுன் இரண்டிலும் தன் ஆள் ஜெயித்தால் 5, தோற்றால் 1, பட்டம் வாங்கினால் 10. குழுவுக்குக் குழு கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் ரா இங்கே செவ்வாய் விடியற்காலை என்பதால் கணக்கு பார்ப்பதும் சண்டை போடுவதும் செவ்வாய்க்கிழமை ரயிலில்.

ஏலமும் அதே ரயிலில்தான். முண்டியம்பாக்கம் வருவதற்குள் பிராக் லெஸ்னர் 35-க்குப் போய்விடுவார். விக்கிரவாண்டியில் ரோமன் ரெய்ன்ஸ் 40-க்கு. "மச்சான், ரெய்ன்ஸ்டா! விடாதடா!" பேரணி தாண்டும்போது பாதிப் பேர் கையில் பணம் இருக்காது. மயிலம் வரும்போது மிச்சம் கிடப்பவர்களை ஒன்றுக்கும் இரண்டுக்கும், வேண்டாவெறுப்பாக, சந்தை முடிந்த பிறகு மிஞ்சிய கத்தரிக்காயை அள்ளுவது போல அள்ளிக்கொள்வார்கள்.

ஆனால் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவன் முண்டியம்பாக்கத்தில் வாங்கியவன் அல்ல. பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில் வாங்கியவன்.

லெஸ்னர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 2-ல் ரெஸில்மேனியாவில் கோல்ட்பெர்க்கை வீழ்த்தி யுனிவர்சல் பட்டத்தை வாங்கினார். 2018 ஆகஸ்ட் 19 வரை, அதாவது 500 நாளுக்கு மேல், பட்டம் அவரிடமே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018 ஏப்ரல் 27-ல் சவுதியில் ரெய்ன்ஸோடு மோதிய பிறகு, பட்டத்தைப் பறிகொடுத்த அந்த ஆகஸ்ட் 19 வரை, ஏறக்குறைய நான்கு மாதம், பட்டத்துக்காக ஒரு சண்டைகூட அவர் போடவில்லை. ஆள் வந்ததே அபூர்வம். 35 பாயிண்ட் கொட்டியவன் கதி என்ன? வாராவாரம் சைபர். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவன் 2 பாயிண்டுக்கு எடுத்த ஏதோ ஒரு ஆள் திங்கள்தோறும் வந்து, நான்கு தடவை தோற்று, ஒரு தடவை ஜெயித்து 9 வாங்கியிருப்பான். தோற்பவனே சாம்பியனை முந்துகிறான்.

ரெய்ன்ஸும் இதேதான், கொஞ்சம் நாகரிகமாக. 2020 ஆகஸ்ட் 30-ல் வாங்கிய பட்டத்தை 2024 ஏப்ரல் 7-ல் கோடி ரோட்ஸிடம் இழக்கும்வரை 1,316 நாள் வைத்திருந்தார். அதில் பின்பாதி முழுக்க மாதக்கணக்கில் காணாமல் போவதும், வந்தால் மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போவதும்தான். அதே காலத்தில் குந்தர் என்கிற ஆஸ்திரியர் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டலை 666 நாள் வைத்திருந்தார். அவர் உண்மையாகவே சண்டை போட்டார். இரண்டாம் பட்டம் என்பதால் ஏலத்தில் அவரை யாரும் சீந்துவதில்லை.

ஏன் இப்படி? இது விளையாட்டுப் போட்டி அல்ல, கதை. யார் ஜெயிப்பது என்று எழுதுகிறவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். "அய்யய்யோ, அப்ப எல்லாம் பொய்யா" என்று யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். 1989-லேயே நியூஜெர்சி மாகாண சட்டமன்றத்தில் அந்த நிறுவனமே இது பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. (வரியையும் விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியையும் தவிர்க்கத்தான். மானத்தைவிட வரி பெரியது.) ஆக, இங்கே வீரனின் பலத்தை எடைபோடுவது வீண்வேலை. கதைக்கு யார் தேவை என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

இது விழுப்புரம், திண்டிவனம் பையன்களுக்குப் புரியாமல் இருப்பதுதான் ஆச்சரியம். ஏனென்றால் முடிவு தெரிந்த சண்டையை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்திரை, வைகாசியில் செஞ்சி, மயிலம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசியில் படுகளம். மண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி அடித்துக்கொள்வார்கள். தொடையில் அடி விழும், துரியோதனன் சாவான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். இந்த வருஷமாவது துரியோதனன் ஜெயிப்பானா என்று யாரும் பந்தயம் கட்டியதில்லை. ஆனாலும் யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை.

அந்தக் கூத்தில் அதிக நேரம் மேடையில் நிற்பது யார்? அர்ச்சுனனா, கர்ணனா? இல்லை. கட்டியங்காரன். முதலில் வருபவன் அவன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை "யார் நீ, எந்த ஊர்" என்று கேட்டு அறிமுகம் செய்வது அவன். வேஷக்காரன் மூச்சு வாங்கும்போது நக்கலடித்து நேரம் கடத்துவது அவன். ராஜா நல்லவனா கெட்டவனா என்று கூட்டத்துக்குச் சொல்வதும் அவன்தான். அவனுக்குக் கிரீடமும் கிடையாது, புஜகீர்த்தியும் கிடையாது. டிரம்ப் கார்டு அடித்தால் அவன் சீட்டில் எல்லா எண்ணும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்.

ஃபேன்டஸி ஏலத்தில் தேட வேண்டியது அந்தக் கட்டியங்காரனை.

அவனைக் கண்டுபிடிக்க என்ன வழி? வாராவாரம் வருகிறானா என்று பார்க்க வேண்டும். அது முதல் கேள்வி, பாதிக் கேள்வியும் அதுதான். அடுத்து, பெரிய தலைகளின் கதைக்குள் அவனுக்கு ஒரு மூலை இருக்கிறதா என்பது. ரெய்ன்ஸின் கூட்டணிக் கதை 2022, 2023-ல் ஓடியபோது வாரம் தவறாமல் அதைச் சுமந்தவர்கள் சாமி செய்னும் ஜே ஊசோவும். தலைவர் வீட்டில் இருந்தார். ஜே ஊசோ பத்து வருஷத்துக்கு மேல் இரட்டையரில் ஒருவராகவே அறியப்பட்டவர், எந்த ஊசோ எவர் என்று பலருக்கும் குழப்பம். 2025 பிப்ரவரியில் ராயல் ரம்பிள் ஜெயித்தார். ஏப்ரலில் அதே குந்தரை வீழ்த்தி உலகப் பட்டமும் வாங்கினார். முந்தைய வருஷமே மலிவாக எடுத்து வைத்தவன் மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டிருக்கலாம்.

கோஃபி கிங்ஸ்டன் கதை இன்னும் சுவாரஸ்யம். 2008-லிருந்து ஆடியவர். பதினோரு வருஷம் எல்லோருக்கும் பிடித்த, யாரும் பெரிய பட்டம் கொடுக்காத ஆள். 2019 பிப்ரவரியில் முஸ்தபா அலி காயப்பட்டதால் காலியான இடத்தில் அவரைச் செருகினார்கள். ஒரே இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல், எதிராளி மாற்றி எதிராளியாக ஆடினார். கூட்டம் கூரையைப் பிய்த்தது. ஏப்ரல் 7-ல் சாம்பியன். எப்போது கூப்பிட்டாலும் தயாராக நிற்பவனின் விலை என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் கிடைக்காது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பட்டம் வாங்கியதும் விலை ஏறியது. அந்த விலைக்கு வாங்கியவர்கள் காலண்டரைப் பார்க்கவில்லை. 2019 அக்டோபர் 4, ஸ்மாக்டவுன் ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்கு மாறும் முதல் நாள். எதிரே லெஸ்னர். புது சேனல், முதல் நாள், பெரிய பெயர்... எழுதுகிறவன் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் பதில் தெரிந்திருக்கும். பத்து விநாடிக்குள் ஆட்டம் முடிந்தது. ஆக, ஒரே ஆள் பிப்ரவரியில் மலிவு, செப்டம்பரில் கொள்ளை விலை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இந்தியப் பெயர் என்றதும் பத்துப் பாயிண்ட் கூடுதலாகக் கொடுக்கும் வியாதி. தி கிரேட் காலி 2006-ல் வந்து இறங்கிய வேகத்தில் அண்டர்டேக்கரையே சாய்த்தார். 2007 ஜூலையில் உலகப் பட்டமும் வாங்கினார். செப்டம்பரில் பட்டீஸ்டாவிடம் பறிகொடுத்தார். அதன் பிறகு வருஷக்கணக்கில் நடனம், காமெடி. ஆனாலும் ஏழடி உயரத்தை நம்பி அவரை எடுத்தவர்கள் உண்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, பர்ஸ் காலி.

ஜிந்தர் மஹால் நேர் எதிர். அவரை 2014-ல் வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். 2016-ல் திரும்ப வந்ததும் அடி வாங்கத்தான். 2017 மே 21-ல் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி சாம்பியன் ஆனபோது பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். இந்தியச் சந்தைக்காக என்று அப்போதே பேசப்பட்டது. அப்படியானால் டிசம்பரில் டெல்லியில் நடக்கும் காட்சிக்கு அவர் பட்டத்தோடு வருவார் என்றுதானே எவனும் நினைப்பான்? நவம்பர் 7-லேயே ஏஜே ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. டிசம்பர் 9-ல் டெல்லியில், சொந்த ஜனங்கள் முன்னால், டிரிபிள் எச்சிடமும் தோற்றார்.

சொந்த ஊரில் அடி வாங்குவது இந்தக் கதைகளில் பழைய வழக்கம். 2023 பிப்ரவரியில் மான்ட்ரியலில் சாமி செய்ன் ரெய்ன்ஸிடம் தோற்றதும் அப்படித்தான், அரங்கமே அழுதது. மறுநாள் அவரை விற்க நினைத்தவன் ஏமாளி. ஆறே வாரத்தில் ரெஸில்மேனியாவில் கெவின் ஓவன்ஸோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கினார். ஊர்ப்பாசம் விலையை ஏற்றும் வாரத்தில் விற்க வேண்டும், ஊரே அழும் வாரத்தில் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் ரயிலில் ஒரு பதில் தயாராக இருக்கும். "தோக்கறவனுக்கு எதுக்குடா மார்க்கு? ஜெயிக்கிறவன்தான வீரன்?" இங்கேதான் ஆட்டத்தின் விதியையே மாற்ற வேண்டும். தோல்விக்கு 1 என்பது அநியாயம். ஒரு ஆள் முதுகு உடைய மேலிருந்து விழுந்து, வலியைக் கூட்டம் நம்பும்படி காட்டினால்தான் எதிரே நிற்பவன் பலசாலி. அவன் சரியாக விழாவிட்டால் எதிரே நிற்பவனுக்கே கழுத்து போகும். புரூக்ளின் பிராலர் என்று ஒருவர் இருந்தார். எண்பதுகளிலிருந்து தோற்பதையே தொழிலாகச் செய்து எத்தனையோ பேரைப் பெரிய ஆளாக்கினார். இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் கணக்கில் வீரர்கள் ஊழியர்களே அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். கம்பெனியே கணக்கில் சேர்க்காதவனை ரயிலில் உட்கார்ந்து நோட்டில் கணக்கு போடும் பையன்களும் சேர்க்காவிட்டால் எப்படி?

வெற்றிக்கு 3, தோல்விக்கு 2, வளையத்துக்குள் நின்ற ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் 1. இப்படி வைத்துப் பாருங்கள். 2006 ராயல் ரம்பிளில் இரண்டாவதாக நுழைந்து 62 நிமிஷம் நின்று ஜெயித்த ரே மிஸ்டீரியோ போன்ற குட்டி ஆளின் உண்மையான விலை அப்போது தெரியும். பத்து விநாடியில் வேலையை முடிக்கும் லெஸ்னரின் விலையும் தெரியும்.

பணம் வைத்து ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்குப் பிறகு பெரிய ஃபேன்டஸி செயலிகளே காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. சட்டத்தை விடுங்கள், முடிவை எழுதி மடித்து வைத்திருப்பவன் இருக்கும் ஆட்டத்தில் வெளியாள் காசு வைப்பானா?

புது விதிக்குப் பேரணி, மயிலம் கோஷ்டி உடனே சம்மதிக்கும். விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே பணத்தைக் காலி செய்கிறவர்கள்தான் முரண்டு பிடிப்பார்கள். அவர்களுக்காக வேண்டுமானால் ஒரு சலுகை: சீசனின் நடுவில் ஒரே ஒரு தடவை, ஒரு பெரிய தலையைப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் மூன்று கட்டியங்காரன்களை எடுத்துக்கொள்ளலாம்.