மறுதொடக்கம் யாருடைய உரிமை?

சியால்டா தெற்குப் புறநகர் ரயில் தடத்தில் ஜாதவ்பூருக்கு முந்தைய நிலையம் டாக்குரியா. பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் ஆராய்ச்சி மாணவர் பலர் இங்கே வாடகை அறைகளில் தங்குகின்றனர். அவர்களுள் பலருக்குச் சொந்த மடிக்கணினியே ஆய்வகம். எட்டு மணி நேரம் ஓடவேண்டிய கணக்கீட்டைத் தொடங்கிவிட்டு உறங்கச் செல்பவர், விடிந்தபின் கடவுச்சொல் கேட்டு நிற்கும் வெற்றுத் திரையைக் காண்கிறார். இயந்திரம் தன்னைத் தானே புதுப்பித்து, மறுதொடக்கமும் செய்துகொண்டுவிட்டது.

இதைச் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்குவோர், காசு கொடுத்து வாங்கிய பொருள் யார் சொற்படி நடக்கவேண்டும் என்ற கேள்வியைத் தவிர்க்கின்றனர்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, ஹோம் பதிப்பினருக்குப் புதுப்பிப்பை ஒத்திவைக்கும் வசதி தரப்படவில்லை. மறு ஆண்டு, ‘பயன்பாட்டு நேரம்’ என்ற சலுகை வந்தது; அந்நேரத்தில் இயந்திரம் தானாக மறுதொடக்கம் ஆகாது. அதன் உச்சவரம்பு பின்னர் 18 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. எஞ்சிய 6 மணி நேரம் உரிமையாளரின் ஆணைக்குள் வரவில்லை. 35 நாள் வரை ஒத்திவைக்கும் வசதி 2019 மே மாதப் பதிப்பில்தான் ஹோம் பயனருக்குக் கிட்டியது. பயனர் உள்நுழைந்திருக்கும்போது தானாக மறுதொடக்கம் செய்யலாகாது எனக் கட்டளையிடும் கொள்கை அமைப்போ, கூடுதல் விலையுள்ள புரோ பதிப்பில் உண்டு. ஹோம் பதிப்பில் அதற்கான கருவியே இல்லை.

பாதுகாப்புக்காகவே இக்கட்டாயம் என்பது நிறுவனத்தரப்பு வாதம். அதைப் புறந்தள்ள முடியாது. 2017 மார்ச் 14 அன்று வெளியான திருத்தத்தை நிறுவாத கணினிகளையே மே 12 அன்று பரவிய வான்னாக்ரை தாக்கியது. மேற்கு மிட்னாபூர் மாவட்டத்தில் மாநில மின்பகிர்மான நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. ஆகவே, புதுப்பிக்கவே வேண்டா என்பது மடமை.

ஆனால், திருத்தம் தேவை என்பதிலிருந்து, உரிமையாளரைக் கேளாமல் இயந்திரத்தை அணைத்தெழுப்பலாம் என்ற முடிவு பிறப்பதில்லை. டெபியன் லினக்ஸின் தானியங்கிப் புதுப்பிப்புக் கருவி பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும். மறுதொடக்கம் தேவை என்று குறித்துவைக்கும். உரிமையாளர் அனுமதித்தாலொழிய மறுதொடக்கம் செய்யாது. அதுவே அதன் இயல்பான அமைப்பு. மேலும், பாதுகாப்பு என்ற பெயரில் புது வசதிகளும் சேர்ந்தே திணிக்கப்பட்டன. 2018 அக்டோபர்ப் புதுப்பிப்பு சில பயனர்களின் ஆவணங்களையே அழித்தது. சில நாளில் விநியோகம் நிறுத்தப்பட்டது.

வேலையைச் சேமித்து வைக்காதது பயனரின் குற்றம் என்பாரும் உளர். மின்தடை விபத்து, இதுவோ திட்டமிட்ட செயல். தமிழ்நாட்டு மின்வாரியம்கூட மாதாந்திரப் பராமரிப்பென்றால் ஊர்ப்பெயரையும் நேரத்தையும் முன்கூட்டியே நாளிதழில் அறிவிக்கிறது.

கட்டாயத்தின் மிகப்பெரிய கேடு வேறு. ஓரிரவு உழைப்பை இழந்தவர், சினத்தில் புதுப்பிப்புச் சேவையையே முற்றாக முடக்குகிறார். அடுத்த வான்னாக்ரைக்குக் கதவு திறப்பது அப்போதுதான். பாதுகாப்பைக் காரணம் காட்டிய கொள்கை பாதுகாப்பையே குலைக்கிறது.

அந்த வழியில் போகவேண்டா. மாதாந்திரத் திருத்தங்கள் இரண்டாம் செவ்வாயன்று, இந்திய நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணியளவில் வெளியாகின்றன. நீண்ட கணக்கீடு இருக்கும் வாரத்தில் புதுப்பிப்பை ஒத்திவைத்து, அது முடிந்த பகலில் தாமே நிறுவி மறுதொடக்கம் செய்வது நலம். மறுதொடக்க அறிவிப்பைச் செட்டிங்ஸில் இயக்கி, பயன்பாட்டு நேரத்தை 18 மணி நேரமாக்கி, எஞ்சும் ஆறு மணி நேரத்தை வேலையற்ற பொழுதில் வைக்கலாம்.

இவை தற்காப்பு மட்டுமே. பாதுகாப்புத் திருத்தமும் புது வசதியும் தனித்தனியே வரவேண்டும். புரோ பதிப்புக்கு உள்ள கட்டுப்பாடு ஹோம் பதிப்புக்கும் வேண்டும். உரிமையாளரின் ஒப்புதலின்றி எந்நேரத்திலும் மறுதொடக்கம் கூடாது. இம்மூன்றையும் சலுகையாக வேண்டாமல் நுகர்வோர் உரிமையாகக் கோரவேண்டும்.