சேர்வராயன் மலைக்குப் புள்ளியியலாளர் தேவை

புள்ளியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பெங்களூரு, சென்னை டேட்டா நிறுவனங்களையே கைகாட்டுகிறோம். அங்கே சம்பளம் கூடுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் கணினிக்கு வந்துசேர்ந்த எண்ணைக் கையாள்வது இந்தத் தொழிலில் பாதிதான். அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது மறுபாதி. கடினமான அந்தப் பாதிக்கு, சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு போன்ற மலை ஒன்றியங்களில்தான் தேர்ந்த ஆள் வேண்டும்.

காப்பியையே பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே கொண்டுவந்த பயிர். பூ முடிந்ததும் ஒருமுறை, பருவமழை ஓய்ந்ததும் மறுமுறை என, பழம் எடுத்து முடியும் முன்பே காப்பி வாரியம் மகசூலை மதிப்பிட்டுவிடுகிறது. நெல்லென்றால் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டுவிடலாம். காப்பித் தோட்டம் அப்படியா? மேலே சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுநடுவே ஆரஞ்சு, பல வயதுச் செடிகள். அராபிகா ஓர் ஆண்டு காய்த்துத் தள்ளினால் அடுத்த ஆண்டு சுணங்கும். பழமும் ஒரே நாளில் பழுக்காது. பல சுற்று பறிக்க வேண்டும். சரிவில் இறங்கச் சோம்பல்பட்டுப் பாதையோரச் செடிகளிலேயே காய் எண்ணினால், வெளிச்சமும் கவனிப்பும் கூடுதலாகப் பெற்ற செடிகள் மட்டுமே கணக்கில் வரும். அந்தப் பிழையை எந்த மென்பொருளும் பின்னால் சரிசெய்யாது. எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, எந்தச் செடி என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் முன்கூட்டியே முடிவுசெய்வதுதான் இங்கே புள்ளியியலாளரின் வேலை.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். வெட்டவெளி நெல்வயலுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஏற்காட்டில் அதன் கண்ணில் முதலில் படுவது நிழல்மரத்தின் தலை. காப்பி அதற்குக் கீழே இருக்கிறது. சரி, ஒன்றுவிடாமல் எண்ணிவிட்டால்? 1940களில் வங்காளத்தில் அரசு வயல் வயலாகச் சணலைக் கணக்கெடுத்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸின் மாதிரி ஆய்வு அதைவிட மிகக் குறைந்த செலவில், வணிகக் கணக்குக்கு இன்னும் நெருக்கமான விடையைத் தந்தது. ஆயிரக்கணக்கில் ஆளெடுத்தால் மேற்பார்வை தளரும், பிழை பெருகும்.

மக்கள் கணக்கிலும் மலை தனியாகத் தெரிவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்து மலையாளி பழங்குடியினர் 3,57,980 பேர். அவர்களில் சேர்வராயன் மலையில் வாழ்வோரின் படிப்பும் உடல்நலமும் சேலம் மாவட்டச் சராசரியில் கரைந்துபோகும். 2027 கணக்கெடுப்பு எல்லோரையும் எண்ணும்; ஆனால் ஆண்டுதோறும் எழும் கேள்விகளுக்கு மலைக்கென்று தனி மாதிரி வேண்டும். தேர்வெழுதி மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறைக்கு வரும் பட்டதாரிகளைப் படிவம் நிரப்ப மட்டும் வைத்துக்கொண்டால், கெட்டிக்காரர்கள் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். மாதிரியை வகுக்கும் பொறுப்பும், தவறான எண்ணைத் தவறென்று எழுதும் உரிமையும், மலையேறுவதற்கான பயணப்படியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். டேட்டா நிறுவனத்தின் சம்பளத்தை அரசு தர முடியாதுதான். இந்த மூன்றையும் தர முடியும்.