பிறர் துயரை மறுப்பது நம் மார்க்கமல்ல



காஸாவில் குழந்தைகள் கொல்லப்படும் செய்திகள் வரத் தொடங்கிய நாள்முதல், நம் வீட்டுக் கைப்பேசிகளில் ஒருவகைப் பதிவு திரும்பத் திரும்ப வலம் வருகிறது. ஹிட்லரின் படம் இருக்கும். அவன் யூதர்களுக்குச் செய்தது சரிதான் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். வேறு சில பதிவுகளில், அப்படியொரு படுகொலையே நடக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்றிருக்கும். ஒன்று கொலையைப் பாராட்டுகிறது. மற்றொன்று கொலையையே மறுக்கிறது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் அனுப்புவதையும் காண்கிறோம். மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளும் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "ஹஜ்ரத், ஹிட்லர் நல்லவர்தானே?" என்று என் மாணவன் ஒருவன் வகுப்பிலேயே கேட்டான்.

அவன்மீது எனக்குக் கோபமில்லை. கேட்டதைத்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் மழுப்பலான விடை சொன்னால், அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவேதான் இக்கட்டுரை.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஹிட்லரின் நாஜி ஆட்சியும் அதன் கூட்டாளிகளும் ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். போருக்கு முன் அங்கு வாழ்ந்த யூதர்களில் மூவரில் இருவர் அழிக்கப்பட்டனர். மாண்டவர்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் குழந்தைகள். போலந்து மண்ணில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் சுமார் 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அம்முகாம் 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படையால் விடுவிக்கப்பட்டது. அந்நாளையே உலக நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2005இல் அறிவித்தது. கொன்றவர்களே எழுதிவைத்த ஆவணங்களும், அவர்கள் நீதிமன்றங்களில் அளித்த வாக்குமூலங்களும், மீண்டவர்களின் சாட்சியங்களும் இதற்கு ஆதாரமாக உள்ளன. சாட்சியத்தை மறைப்பதைப் பாவமென்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது.

நம் நீலகிரியில் பள்ளிவாசல்கள் உண்டு, தேவாலயங்கள் உண்டு, கோயில்கள் உண்டு. உதகையில் பார்சிகளின் அடக்கத்தலமும் உண்டு. யூதர்களின் தொழுகைக்கூடம் மட்டும் இல்லை. அதைக் காண வேண்டுமாயின் மலையிறங்கிக் கொச்சி மட்டாஞ்சேரிக்குத்தான் போக வேண்டும். ஆகவே குன்னூரிலோ கூடலூரிலோ வளரும் நம் பிள்ளைக்கு யூதர் என்பவர் செய்தியில் வரும் துப்பாக்கியேந்திய சிப்பாய் மட்டுமே. ஒரு யூதத் தாயை, ஒரு யூதப் பாட்டனை அவன் கண்டதில்லை.

ஆயினும் இந்த மலைக்கும் அந்த முகாம்களுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்ததற்காக இருபது வயதில் கெஸ்டபோவிடம் பிடிபட்டு, ஒன்றரை ஆண்டு நாஜி முகாம்களில் கிடந்து மீண்ட ஒருவர், பின்னாளில் புதுவைக்கு வந்து சத்பிரேம் என்ற பெயரில் எழுதினார். தம் இறுதிக்காலத்தை இந்த நீலகிரியில் கழித்து 2007இல் மறைந்தார். அவர் யூதரல்லர். ஆனால் அம்முகாம்களைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் நம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்திருக்கிறார்.

குன்னூருக்கு அருகே பக்காசுரன் மலையில் இடிந்து கிடக்கும் கோட்டையைத் திப்பு சுல்தானின் பெயரோடு இணைத்துத்தான் நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தத் திப்புவின் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான், நாஜிகள் பிடியில் இருந்த பாரிஸில் இரகசிய வானொலி இயக்குநராகப் பணியாற்றிப் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று தாஹவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். நம் பிள்ளைகள் ஹிட்லரைப் புகழும்போது யாரைக் கொன்றவனைப் புகழ்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொன்னவர் யார்?

இந்த மலையோடு இணைந்த இன்னொரு பெயரும் உண்டு. ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையில் அடக்கம் செய்யப்பட்டவர். 1971ஆம் ஆண்டுப் போரில் அவர் தரைப்படைத் தலைவராக இருந்தபோது, கிழக்குப் பிராந்தியப் படையின் தலைமைப் பணி அதிகாரியாக இருந்தவர் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், கல்கத்தாவைச் சேர்ந்த பாக்தாதி யூதக் குடும்பத்துப் பிள்ளை. ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த யூத அகதிக் குடும்பம் ஒன்றை 1942இல் அவருடைய தந்தை ஆதரித்து ஏற்றுக்கொண்டார். அவர்கள் பட்ட துன்பத்தை அறிந்ததே அந்த இளைஞர் படையில் சேரக் காரணமாயிற்று. ஒரு வீட்டின் கதவு அகதிக்குத் திறந்ததால் அவ்வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையே திசைமாறியது.

முகாமிலிருந்து மீண்டவர் ஒருவர் இருக்கும் யூதக் குடும்பத்தில் நினைவு என்பது என்ன? இதை நாம் புரிந்துகொள்ள, அவர்களுடைய மார்க்கம் நினைவை எப்படிப் போற்றுகிறது என்பதை அறிய வேண்டும். ஆண்டுதோறும் பெஸஹ் பெருநாள் இரவில் குடும்பம் ஒன்றாக அமரும். வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்கும்; பெரியவர்கள், ஃபிர்அவ்னின் பிடியிலிருந்து இறைவன் தம் முன்னோரைக் காப்பாற்றிய வரலாற்றைச் சொல்வார்கள். இறந்த தாய்தந்தையருக்கு ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் இறந்த தேதியில் ஒரு நாள் முழுதும் எரியும் விளக்கேற்றுவார்கள். மகன் பதினொரு மாதம் கதீஷ் என்னும் துதியை ஓதுவான். அல்குத்தூஸ் என்று நாம் இறைவனை அழைக்கிறோமே, அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இறந்தவர்க்காக ஓதப்படும் அத்துதியில் மரணம் என்ற சொல்லே கிடையாது. முழுவதும் இறைவனின் மகத்துவமே பேசப்படும். துயரத்தின் உச்சத்தில் இன்னா லில்லாஹி என்று சொல்லப் பழகிய நமக்கு இது அந்நியமானதா?

இப்போது எண்ணிப்பாருங்கள். நம்மில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டுகிறோம், கபனிடுகிறோம், ஜனாஸா தொழுகிறோம், அடக்கம் செய்கிறோம். இந்த நான்கும் மையித்துக்கு உயிரோடிருப்போர் பட்ட கடன். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. ஆனால் ஆஷ்விட்ஸில் மாண்டவருக்குக் குளிப்பாட்டல் இல்லை, துணி இல்லை, தொழுகை இல்லை, கபரும் இல்லை. எந்தத் தேதியில் இறந்தார் என்பதுகூட மீண்டுவந்த மகனுக்குத் தெரியாது. எந்த நாளில் அவன் விளக்கேற்றுவான்? இவர்களுக்காகவே இஸ்ரேலின் யூத மதத் தலைமையகம், ஏற்கெனவே நோன்பு நாளாக இருந்த தேவேத் மாதம் 10ஆம் நாளைப் பொதுவான கதீஷ் நாளாக வகுத்தது. இறந்த தேதி தெரியாதோர் அனைவரும் அன்று ஓதுகிறார்கள்.

மீண்டவர்கள் பலர் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. கையில் பச்சை குத்தப்பட்ட எண்ணைச் சட்டைக்கையால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கொல்லப்பட்ட தங்கையின் பெயரை மகளுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று பேரப்பிள்ளை கேட்கும் நாளில்தான் சில வீடுகளில் முதன்முறையாக அந்தக் கதை சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பாட்டனாரைப் பார்த்து, நீ சொல்வது பொய் என்று நாம் சொல்வோமா? கைப்பேசியில் அனுப்பும் பதிவு அதைத்தான் சொல்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது? நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, ஆஷூரா நாளில் யூதர்கள் நோன்பிருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். மூஸா (அலை) அவர்களையும் அவர்தம் மக்களையும் இறைவன் காப்பாற்றிய நாள் என்று அவர்கள் கூறினர். மூஸாவின்மீது நமக்கே அதிக உரிமை உண்டு என்ற கருத்தைச் சொல்லி, நபியவர்கள் தாமும் நோன்பிருந்தார்கள். தோழர்களையும் நோன்பிருக்கச் சொன்னார்கள். முஹர்ரமில் நாம் நோற்கும் அந்த நோன்பு, கொடுங்கோலனிடமிருந்து மீண்ட ஒரு சமுதாயத்தின் நினைவு நாளே அன்றோ? யூதர்களின் நினைவைப் பொய்யென்று சொல்லவில்லை நபியவர்கள், அதில் பங்கேற்றார்கள்.

மற்றொரு சமயம் ஜனாஸா ஒன்று கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதர் ஒருவருடையது என்று எடுத்துச் சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மாவே அல்லவா என்ற கருத்தில் மறுமொழி கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்ற கட்டளை சூரா அல்மாயிதாவின் 8ஆம் வசனத்தில் உள்ளது. அங்கே பேசப்படுவது நண்பர்களிடம் காட்டும் நீதியன்று. வெறுப்பு உள்ள இடத்தில் காட்டும் நீதி.

அந்த நீதியை வாழ்ந்து காட்டியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். எகிப்தியப் பெற்றோருக்குப் பிறந்த முஹம்மது ஹெல்மி பெர்லினில் மருத்துவம் பயின்று அங்கேயே மருத்துவரானவர். அந்நியர் என்பதால் அவரும் ஒதுக்கப்பட்டார், சிறைவைக்கப்பட்டார். அப்படியிருந்தும் அன்னா போரோஸ் என்ற யூத இளம்பெண்ணை 1942 முதல் போர் முடியும்வரை மறைத்துவைத்துக் காப்பாற்றினார். அவளுடைய உறவினருக்கும் உதவினார். அன்னா அமெரிக்கா சென்று தாயானார், அவர் குடும்பம் தழைத்தது. யூதர்களைக் காத்த பிற இனத்தாருக்கு ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் வழங்கும் பட்டம் 2013இல் ஹெல்மிக்கு வழங்கப்பட்டது. அப்பட்டத்தைப் பெற்ற முதல் அரபியர் அவரே. அது இஸ்ரேலிலிருந்து வருகிறது என்பதால் எகிப்திலிருந்த உறவினர் முதலில் ஏற்க மறுத்தனர். 2017இல் உறவினர் ஒருவர் பெர்லினில் அதைப் பெற்றுக்கொண்டார். அந்த மறுப்பின் வலியும் எனக்குப் புரிகிறது. பெற்றுக்கொண்டதன் பெருந்தன்மையும் புரிகிறது.

நீதி பேசுவோர் தம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். ஜெருசலேம் முஃப்தியாக இருந்த அமீன் அல்ஹுசைனி 1941 நவம்பரில் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தார். போர்க்காலத்தில் அங்கிருந்து நாஜிகளுக்காக வானொலியில் பேசினார். இதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஹெல்மியும் முஸ்லிம், அல்ஹுசைனியும் முஸ்லிம். எவருடைய வழியில் நம் பிள்ளை நடக்க வேண்டும் என்பதே கேள்வி.

"அப்படியானால் ஃபலஸ்தீனம்?" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். 1948இல் ஏறத்தாழ 7 இலட்சம் ஃபலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளாயினர். விட்டுவந்த வீட்டின் சாவியை இன்றும் அவர்களின் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். காஸாவின் ஜனாஸாக்களுக்காக நாம் அழுகிறோம், துஆச் செய்கிறோம், அது தொடரும். ஆறு மில்லியன் ஆன்மாக்களின் நினைவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு காஸாவின் குழந்தைகளைக் கொல்வதை நியாயப்படுத்துவோர், அந்த நினைவுக்கே துரோகம் செய்கிறார்கள். இதை வெளிப்படையாகச் சொல்லும் யூதர்களும் இருக்கிறார்கள். மீண்டவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனால் நம் கடமை நம்மைப் பற்றியது. எங்கள் சாவி உண்மை, உங்கள் விளக்கு பொய் என்று சொல்பவன் நீதியைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறான். ஹிட்லரைப் புகழ்வதால் காஸாவில் ஒரு குழந்தைக்குக்கூட ஒரு கவளம் உணவு போய்ச் சேரப்போவதில்லை. கொலையைக் கொலை என்று சொல்லும் நம் நாவின் மதிப்புதான் குறைகிறது.

பெற்றோர்களே, மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். அத்தகைய பதிவு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரைத் தனியே அழைத்து மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். கண்டிப்பான மனிதரைப் பாராட்டுவதற்கு ஹிட்லர் என்று பெயர் சூட்டும் வழக்கத்தை நம் வீட்டுப் பேச்சிலிருந்து அகற்றுங்கள். வரும் முஹர்ரமில் ஆஷூரா நோன்பு திறக்கும் நேரத்தில், இந்த நோன்பு யாருடைய விடுதலையின் நினைவு, நபியவர்கள் அதை யாரோடு பகிர்ந்துகொண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "இல்லையப்பா, அவன் ஃபிர்அவ்னைப் போன்றவன். ஃபிர்அவ்ன் யார் பிள்ளைகளைக் கொன்றான் என்று குர்ஆனில் ஓதியிருக்கிறாயே." அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பனூ இஸ்ராயீல்" என்றான்.

அநீதி இழைக்கப்பட்டோர் அனைவர் பக்கமும் நிற்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் அருள்வானாக. ஆமீன்.