வசியமன்று, அறிதுயில்

புத்தகக் கண்காட்சிகளில் ஆழ்மனம் நன்றாக விலைபோகிறது. ஜோசப் மர்ஃபி 1963இல் வெளியிட்ட நூலின் தமிழாக்கம் முதல் நம்மவர்கள் அதையொட்டி எழுதிய சிறுநூல்கள் வரை சாரம் ஏறத்தாழ ஒன்றே. உடல் ஏவலாள், ஆழ்மனம் எசமான். எசமானிடம் முறையாகச் சொல்லிவைத்தால் நோய் ஓடிவிடும். இதற்குச் சான்றாக ஹிப்னாடிசத்தைக் காட்டுவார்கள். அச்சான்று உண்மையில் எதைச் சொல்கிறது?

நமக்குத் தெரிந்தவற்றுள் மிக வியப்பானது வங்கத்தில் நடந்தது. ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரலில் ஒரு கைதியிடம் மெஸ்மரிசத்தைச் சோதித்தார். அறுவைக்கு உதவும் மயக்க மருந்து இந்தியாவுக்கு வந்திராத காலம். பாஸ்டனில் ஈதரின் துணையோடு பலரறிய அறுவை நடந்ததே 1846 அக்டோபரில்தான். நோயாளியை இருட்டறையில் கிடத்தி, உதவியாளர்கள் அவர் உடலுக்குமேல் மணிக்கணக்காகக் கைகளை வீசித் துயிலில் ஆழ்த்துவார்கள். யானைக்கால் நோயால் விதைப்பையில் பெருத்த கட்டிகளை எஸ்டெயில் அந்நிலையில் அறுத்தெடுத்தார். 1846இல் அரசு ஒரு குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. பின்னர் கல்கத்தாவில் அவருக்கென ஒரு மருத்துவமனையும் அமைந்தது.

அக்குழு கண்டவற்றுள் ஒன்று நம்மை நெடுநாள் உறுத்தியது. கத்தி பட்டபோது சிலர் நெளிந்தனர், முகம் கோணிற்று. விழித்தபின் கேட்டால், வலியே தெரியவில்லை என்றனர். அப்படியானால் நெளிந்தது யார்? (வெள்ளைக்கார மருத்துவரிடம், அதுவும் ஒரு கைதி, 'வலித்தது ஐயா' என்று சொல்லியிருக்க முடியுமா என்ற ஐயமும் நமக்கு உண்டு. ஆயினும் எல்லோரையும் அதில் அடக்கிவிட முடியாது.)

பியர் ரெய்ன்வில்லும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு ஒளி தருகிறது. அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, 'இது அவ்வளவு துன்பமாக இராது' என்றும் 'மிகத் துன்பமாக இருக்கும்' என்றும் மாற்றி மாற்றிக் கூறினர். வலியின் துன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடு சொல்லுக்கேற்ப மாறியது; தொடுவுணர்வைப் பதியும் புறணிப் பகுதியில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. சூடு வந்து சேர்ந்தது. அது துன்பமாவதுதான் கூடியும் குறைந்தும் நின்றது. வலி வேறு, வலியால் படும் துன்பம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா எனத் தெரியவில்லை.

'மனோவசியம்' என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிட்டது என்பது நம் கருத்து. வசியம் என்றால் ஒருவர் மற்றவரைத் தம் பிடிக்குள் கொள்வது. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் எழுதிய நூலிலேயே, மருத்துவரிடமிருந்து காந்தத் திரவம் ஏதும் பாய்வதில்லை என்று மறுத்து, நோயாளியின் கவனக் குவிப்பையே காரணமாகக் காட்டினார். வைணவ மரபில் திருமாலின் உறங்காத உறக்கத்தைக் குறிக்கும் 'அறிதுயில்' என்ற சொல்லைச் சிலர் இதற்கு ஆள்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்!

உடலில் எந்த மாற்றமும் நேராது என்று நாம் வாதிடவில்லை. நாம் அறிந்து நடத்தாத குடலின் தொல்லைக்கு இம்முறை பயன்படுவதை 1984இல் மான்செஸ்டரில் 30 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. பிறவியிலேயே தோல் செதில்போல் தடித்திருந்த 16 வயதுச் சிறுவனுக்கு, குறிப்பிட்டுச் சொன்ன கையில் மட்டும் அத்தோல் உதிர்ந்ததை ஆல்பர்ட் மேசன் 1952இல் பதிவுசெய்தார். அந்நோயுள்ள வேறு சிலரிடம் பின்னர் முயன்றபோது அது கைகூடவில்லை. இந்தப் பின்பாதியைத்தான் நம் நூல்கள் விட்டுவிடுகின்றன.

விட்டுவிடுவதால் விளைவது சிறிய கேடன்று. புற்றுநோய்க்காரர் ஒருவர் இந்நூல்களை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டி கரையாதபோது பழி நூலாசிரியர்மீதா விழுகிறது? 'நீங்கள் முழுதாக நம்பவில்லை' என்று நோயாளியின் தலையிலேயே அது கட்டப்படுகிறது. வலிக்குமேல் குற்றவுணர்ச்சி வேறு. எஸ்டெயில்கூட நோயாளியைத் துயிலவைத்துவிட்டுக் கட்டியைக் கரையச் சொல்லவில்லை, கத்தியைத்தான் எடுத்தார்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1992 முதல் அறிதுயிலின் துணையோடு ஆயிரக்கணக்கான அறுவைகள் நடந்துள்ளன. மயக்கவியல் மருத்துவரே அருகிருந்து மெல்லப் பேசுகிறார். அறுக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள்.